அம்முவுக்கு, பீரோ மேல்தட்டைப் பற்றி

அம்மு,

நீ பேசி மூன்று வாரமாகிறது. ஆய்வகத்தில் வேலை அதிகம் என்று அப்பாவுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கிறாய், எனக்கு அதுவும் இல்லை. சரி, இருக்கட்டும். கையுறை போட்டுக்கொள்கிறாய்தானே? ஒரு ரத்த மாதிரியைப் பார்த்து முடித்து அடுத்ததைத் தொடும் முன் மாற்றுகிறாயா? யார் ரத்தத்தில் என்ன நோய் இருக்கிறதோ. முகக்கவசமும் போடு, வாயைத் திறந்து பேசினாலே எச்சில் தெறித்து உன் டிஎன்ஏ மாதிரியில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நீதானே சொன்னாய்.

நீ வைத்துவிட்டுப் போன நோட்டைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன், திட்டாதே. பாதி புரியவில்லை. ஆனால் அந்த ஜெர்மனி விஷயத்தை மூன்று தடவை படித்தேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று குற்றம் நடந்த சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் டிஎன்ஏ, போலீஸ் வருடக்கணக்காகத் தேடுகிறது, 2009இல் பார்த்தால் அப்படி ஒரு கொலைகாரியே கிடையாது, மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி தயாரான இடத்தில் வேலை பார்த்த யாரோ ஒரு பெண்ணாம். குச்சியில் கிருமியைக் கொன்றுதான் அனுப்பியிருக்கிறார்கள், கிருமி செத்தது, டிஎன்ஏ அப்படியே இருந்தது. பாவம், கை பட்டதைத் தவிர அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

பெரியப்பா வந்திருந்தார். இந்த ரத்தம் பார்க்கிற படிப்பு எதற்கு என்று மறுபடி ஆரம்பித்தார். நான் விடவில்லை. டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காணும் வழியை 1984இல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்ததையும், 1986இல் செய்யாத கொலையை ஒப்புக்கொண்டு உள்ளே கிடந்த 17 வயதுப் பையனை அது வெளியே கொண்டுவந்ததையும், நிஜக் கொலைகாரன் அப்புறம்தான் அகப்பட்டதையும் ஒரே மூச்சில் சொன்னேன். மனுஷர் வாயே திறக்கவில்லை. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. இவ்வளவு படிக்கிறவளுக்குப் பெற்றவளோடு ஐந்து நிமிஷம் பேச முடியவில்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

நேரத்துக்குத் தூங்கு. கையுறையை மாற்று.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாயே, மாமாவின் சட்டை என்னவாயிற்று என்று. எரித்துவிட்டோம் என்றேன். நீ சரி என்றாய், அந்தச் 'சரி'யிலேயே தெரிந்தது நீ நம்பவில்லை என்று.

எரிக்கவில்லை அம்மு. நான் துவைத்தேன். படியில் விழுந்துவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பாட்டி கண்ணில் அந்தச் சட்டை படக்கூடாது, எனக்கு மண்டையில் அது ஒன்றுதான். வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றினேன், கறை இன்னும் பிடித்துக்கொண்டது, அப்புறம் பச்சைத் தண்ணீர், சோப்பு. காலரில் ஒரு பழுப்பு வட்டம் மட்டும் போகவே இல்லை. இடது கைப்பட்டியின் உள்பக்கம் ஒரு சொட்டு தனியாக இருந்தது. அடிபட்டது பின்தலையில், இங்கே எப்படி வந்தது என்று அப்போதே தோன்றியது. தோன்றியும் தேய்த்தேன்.

ஈரத்துணியை பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும், காற்றில் உலர்த்திக் காகித உறையில்தான் போடவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். முதல் சோதனையில் சொட்டு மருந்து இளஞ்சிவப்பாக மாறினாலும் ரத்தமாக இருக்கலாம் என்பதோடு சரி, யாருடையது என்று அது சொல்லாதாம். அதற்குக் கீழே, ஓரத்தில் பென்சிலில், 'துவைத்த துணியிலும் சில சமயம் கிடைக்கும்'. இரண்டு முறை அடிக்கோடு. நோட்டை மறந்துவிட்டுப் போனாயா, நான் படிக்கட்டும் என்று வைத்தாயா? அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

சட்டை பீரோ மேல்தட்டில் பழைய போர்வைக்கு அடியில் இருக்கிறது, பிளாஸ்டிக் பையில்தான். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மடித்தேன். காகித உறை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு நானே மாற்றவா, இல்லை நீ வரும்வரை பையை அவிழ்க்காமலே விடவா? அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது, பதிலை எனக்கு அனுப்பு.

அம்மா