ஆன்டெனா கூரையிலா, அறைக்குள்ளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. அதில் ஒரு கருத்தை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. பழைய கோபுரத்தில் டிரான்ஸ்மிட்டரை மாற்றினால் போதும், எட்டாத ஊர்களுக்குப் பவரைக் கூட்டிக்கொள்ளலாம் என்று கட்டுரை முடிகிறது. டிஜிட்டலுக்கு அனலாகை விடக் குறைந்த பவர் போதும் என்பது உண்மை. பவரைக் கூட்டி எட்டிவிடலாம் என்பதுதான் தவறு. வலையமைப்புத் திட்டத்தில் முதலில் முடிவாக வேண்டியது வாங்கும் ஆன்டெனா எங்கே இருக்கிறது என்பது. கோபுரம் அதற்குப் பிறகுதான்.

கணக்கு இப்படிப் போகும். 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில், தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சிக்கான டிவிபி-டி2 முறையின் சிக்னல் சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸை நிரப்புகிறது. அந்த அகலத்துக்கு வெப்ப இரைச்சல் மைனஸ் 105 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் அளவு; 10 டெசிபெல் கூடினால் பவர் 10 மடங்கு). செட்-டாப் பாக்ஸ் தன் பங்குக்குச் சேர்க்கும் இரைச்சல் 7 டெசிபெல். 256-குவாம் (ஒரு துடிப்பில் பல பிட்டுகளை ஏற்றும் பண்பேற்ற முறை), 2/3 பிழைதிருத்தம் (மூன்று பிட்டில் இரண்டு தகவல், ஒன்று பிழை திருத்த) என்ற அமைப்புக்குச் சிக்னல் இரைச்சலை விட 18 டெசிபெல் மேலே நிற்க வேண்டும். எதிரொலிகளுக்கும் பெட்டியின் குறைகளுக்கும் சேர்த்து 20 என்று வைப்பது வழக்கம். ஆக, பெட்டியின் வாயிலில் மைனஸ் 78 டிபிஎம் வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸில், 11 டெசிபெல் ஆதாயமுள்ள கூரை ஆன்டெனா, 4 டெசிபெல் இழக்கும் கேபிள் என்று வைத்தால், தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் சுமார் 46 டெசிபெல்-மைக்ரோவோல்ட்/மீட்டர் புலவலிமை (அந்த இடத்தில் அலையின் வலு) போதும்.

இதைத் திட்ட எண்ணாக எடுத்தால் ஏமாந்துபோவோம். ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு சிக்னல் மாறும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு 5.5 டெசிபெல் திட்டவிலக்கம் வைக்கிறார்கள். 46 என்பது பாதி வீடுகளுக்குத்தான் கிடைக்கும். 95 விழுக்காட்டு வீடுகளுக்குக் கிடைக்க 1.64 மடங்கு விலக்கம், அதாவது 9 டெசிபெல் சேர்த்து 55 ஆக்க வேண்டும். அனலாகில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், நிழலுருவம் தெரியும், ஆனாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் தெளிவான படத்துக்கும் கறுத்த திரைக்கும் நடுவே ஏறக்குறைய 1 டெசிபெல்தான். அதனால் இந்த 9 டெசிபெலைச் சிக்கனம் என்று சொல்லி வெட்டக் கூடாது.

இப்போது கூரை ஆன்டெனாவுக்குப் பதிலாக ஒரு சிறிய ஆன்டெனாவை அறைக்குள், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வையுங்கள். 10 மீட்டரிலிருந்து 1.5 மீட்டருக்கு இறங்கியதில் சுமார் 17 டெசிபெல் போகிறது. சுவரில் 8 போகிறது. நவீன கண்ணாடிக் கட்டடங்களில் இன்னும் கூடுதலாகவே போகும். கூரை ஆன்டெனாவின் நிகர ஆதாயமான 7 இல்லாமல் போகிறது. சுவருக்குச் சுவர் இழப்பு மாறுவதால் 95 விழுக்காட்டுக்கான கூடுதலும் 9-லிருந்து 13 ஆகிறது. மொத்தம் 36 டெசிபெல், அதாவது ஏறக்குறைய 4000 மடங்கு பவர். 10 கிலோவாட் கதிர்வீச்சில் கூரைகளுக்கு ஒழுங்காகச் சென்ற சேவையை அதே எல்லைவரை அறைகளுக்குள் கொண்டுபோக 40 மெகாவாட் வேண்டும். அப்படி ஒரு நிலையம் கிடையாது.

இது என் சொந்தக் கணக்கு மட்டுமல்ல. 174–230, 470–862 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை டிஜிட்டலுக்குப் பங்கிட்ட 2006 ஜெனீவா ஒப்பந்தம், 650 மெகாஹெர்ட்ஸில் கூரை வரவேற்புக்கு 56 என்றும், தரமான அறை வரவேற்புக்கு 88 என்றும் திட்ட எண் வைத்திருக்கிறது. அறை வரவேற்புக்கு இன்னும் உறுதியான பண்பேற்றத்தை எடுத்துக்கொண்ட பிறகும் 32 டெசிபெல் இடைவெளி.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பண்பேற்றத்தை இறக்குவது. 256-குவாமிலிருந்து 16-குவாமுக்கு வந்தால், அதே 2/3 பிழைதிருத்தத்தில், தேவை 9 டெசிபெல் குறையும். ஆனால் கொள்ளளவு பாதியாகும். 40 மெகாபிட் சென்ற சேனலில் 20 மெகாபிட்தான் செல்லும். எத்தனை நிகழ்ச்சி அலைவரிசைகளை விட்டுக்கொடுப்பது என்பது பொறியாளர் தனியாக எடுக்கும் முடிவல்ல. மற்றொன்று, ஒரே பெரிய கோபுரத்தை நம்பாமல், ஒரே அதிர்வெண்ணில் பல சிறிய நிலையங்களை மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களுக்கு அருகில் நிறுத்துவது. இதைத்தான் எஸ்.எஃப்.என். என்கிறோம்.

எஸ்.எஃப்.என்.னில் பல நிலையங்களின் சிக்னல் ஒன்றுக்கொன்று எதிரொலியாக வரும். காப்பு இடைவெளிக்குள் (ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் எதிரொலி அடங்க விடும் நேரம்) வந்து சேர்ந்தால் அது உதவி. தாண்டி வந்தால் அதுவே இடையூறு. சிக்னலை ஆயிரக்கணக்கான துணைஅலைகளாகப் பிரித்து அனுப்பும் 8கே முறையில் 1/4 காப்பு (பயன்தரும் நேரத்தில் கால் பங்கு) என்றால் 224 மைக்ரோவினாடி; அலை மைக்ரோவினாடிக்கு 300 மீட்டர் ஓடுவதால் 67 கிலோமீட்டர் பாதை வித்தியாசம்வரை தாங்கும். கோபுரங்கள் 67 கிலோமீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. கோபுரத்தடியில் அருகிலிருக்கும் நிலையம் பல மடங்கு வலுவாக இருப்பதால், தொலைவிலிருந்து தாமதமாக வருவது தொல்லை தராது. தொல்லை வருவது அருகிலிருக்கும் நிலையம் மலையால் மறைக்கப்பட்டு, தொலைவிலிருப்பது தெளிவாகத் தெரியும் சரிவுகளில்.

எடுத்துக்காட்டாக, முதல் நிலையத்துக்கும் இரண்டாவதுக்கும் 100 கிலோமீட்டர். ஒரு சரிவு முதல் நிலையத்திலிருந்து 95, மறைந்திருக்கும் இரண்டாவதிலிருந்து 15 கிலோமீட்டர். வித்தியாசம் 80 கிலோமீட்டர், 267 மைக்ரோவினாடி. காப்பைத் தாண்டிவிட்டது. மீட்டரில் சிக்னல் நிறைய காட்டும், படம் வராது. இங்கே எந்த நிலையத்தின் பவரைக் கூட்டினாலும் பிரச்சினை இடம் மாறுமே தவிரத் தீராது. வழக்கமான மருந்து, இரண்டாவது நிலையத்தை வேண்டுமென்றே 60 மைக்ரோவினாடி தாமதமாக அனுப்பச் செய்வது. சரிவில் வித்தியாசம் 207 ஆகிவிடும். ஆனால் முதல் நிலையத்தின் பக்கத்தில், இரண்டாவதன் சிக்னல் 55 கிலோமீட்டர் பின்தங்கி வந்த இடங்களில் 183 ஆக இருந்தது 243 ஆகும். அதனால் தாமதத்தை நிலையம் நிலையமாகத் திருத்தாமல், முழு வலையமைப்புக்கும் ஒருசேரக் கணக்கிட வேண்டும். ஒரு திசைக்குப் போகும் கதிர்வீச்சை ஆன்டெனா அமைப்பிலேயே குறைப்பது பல இடங்களில் இதைவிடச் சுத்தமான தீர்வு.

துணைஅலைகளை இன்னும் நெருக்கமாக அடுக்கும் 32கே முறையில் 1/8 காப்பு எடுத்தால் 448 மைக்ரோவினாடி, 134 கிலோமீட்டர் கிடைக்கும். காப்புக்காக இழக்கும் நேரமும் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். பிறகு ஏன் எல்லோரும் அதையே எடுப்பதில்லை? 32கே-யில் துணைஅலைகளின் இடைவெளி 279 ஹெர்ட்ஸ்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் வண்டியில், 600 மெகாஹெர்ட்ஸில், டாப்ளர் நகர்வு (ஓட்டத்தால் அதிர்வெண் மாறும் அளவு) 56 ஹெர்ட்ஸ். இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு. வீட்டில் நன்றாக வருவது சாலையில் அறுந்துபோகும். இங்கேயும் கேள்வி அதே கேள்விதான்: வாங்குபவர் எங்கே இருக்கிறார்?

எஸ்.எஃப்.என்.னில் எல்லா நிலையங்களும் ஒரே பிட்டை ஒரே கணத்தில், அல்லது கணக்கிட்டு வைத்த தாமதத்தோடு, அனுப்ப வேண்டும். எல்லா நிலையங்களுக்கும் பொதுவான ஒரு கேட்வேயிலிருந்து (ஓடையை அனுப்பும் தலைமைக் கருவி) நேரமுத்திரையோடு ஓடை புறப்பட, ஒவ்வொரு நிலையமும் ஜி.பி.எஸ். தரும் வினாடித் துடிப்பையும் 10 மெகாஹெர்ட்ஸையும் வைத்து இசைந்துகொள்கிறது. நடுவில் ஒரு நிலையத்தில் மட்டும் உள்ளூர் விளம்பரத்தையோ செய்தியையோ நுழைத்துவிட முடியாது. பிட் மாறிய கணமே அது தன் அண்டை நிலையங்களுக்கு இடையூறு ஆகிவிடும். ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிளில் நீர் இறங்கினால்? உள்ளே இருக்கும் அலையியற்றி நூறு கோடியில் ஒரு பங்கு விலகினாலே மணிக்கு 3.6 மைக்ரோவினாடி நழுவும். ஒரு நாளில் 86. இசைவு எல்லை மீறியதும் டிரான்ஸ்மிட்டர் தானாக வாயடைக்கும்படி அமைத்து, அதைச் சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். இசைவு கெட்டு ஓடும் நிலையம், அணைந்த நிலையத்தை விட அதிகக் கேடு செய்கிறது.

வானொலியைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. தொலைக்காட்சித் திட்டத்தின் நிழலில் அதை வரைய முடியாது. டிஜிட்டல் வானொலி முறையான டேப்+-இல் ஒரு தொகுதி (ஒன்றாகச் செல்லும் சேவைகளின் கட்டு) 1.536 மெகாஹெர்ட்ஸ், வழக்கமான பிழைகாப்பில் 1152 கிலோபிட், 64 கிலோபிட் வீதம் 18 சேவைகள். காப்பு 246 மைக்ரோவினாடி, சுமார் 74 கிலோமீட்டர். ஆனால் கேட்பவர் காரில், 1.5 மீட்டர் உயரத்தில், செங்குத்தான குச்சி ஆன்டெனாவோடு இருக்கிறார். அதனால் அனுப்புவதும் செங்குத்தாகவே இருக்க வேண்டும். கிடையாக அமைந்த தொலைக்காட்சி ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்டால் நல்ல பங்கு வீணாகும். ஓடும் வண்டிக்கு 95 விழுக்காடு போதாது, 99 வேண்டும், விலக்கம் 2.33 மடங்கு, ஏறத்தாழ 13 டெசிபெல். மத்திய அலையில் டிஆர்எம் (இன்னொரு டிஜிட்டல் வானொலி முறை) என்றால் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனித் திட்டம்: இரவில் வான்அலை மேல்வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்து தன் தரைஅலையோடு மோதும் வளையம் பகல் வரைபடத்தில் தெரியவே தெரியாது.

கோபுரத்துக்கு அருகில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். 300 மீட்டர் உயரத்தில் 20 அலைநீளம் கொண்ட ஆன்டெனா வைத்தால், அதன் முதல் வெற்றுக்கோணம் (கதிர்வீச்சு ஏறக்குறைய இல்லாத திசை) கிடைமட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 3 பாகை. அது 6 கிலோமீட்டர் தூரத்தில் தரையைத் தொடுகிறது. வெற்றை நிரப்பும்படி ஆன்டெனாவை வாங்காவிட்டால், கோபுரம் கண்ணுக்குத் தெரியும் ஊரிலேயே படம் வராது. இன்னொன்று: 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பகுதி பல நாடுகளில் கைபேசிக்குப் போய்விட்டது. கூரையில் பழைய அகலப்பட்டைப் பெருக்கி வைத்திருப்பவர்களுக்கு அருகிலுள்ள கைபேசி நிலையம் அதைத் திணறடிக்கும். அதற்கு வடிகட்டிதான் வேண்டும், ஒளிபரப்பின் பவர் அல்ல.

நிலையங்கள் ஓடத் தொடங்கியதும் அளவெடுக்கும் வண்டி, 10 மீட்டர் கம்பத்தோடு, முதலில் போக வேண்டியது நிலையங்களின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதிகளுக்கு. புலவலிமையை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினால் மேலே சொன்ன சரிவு போன்ற இடங்கள் வரைபடத்தில் பச்சையாகவே, சேவை உள்ள இடங்களாகவே தெரியும். பண்பேற்றப் பிழை விகிதத்தையும் (சிக்னலின் தரத்தைச் சொல்லும் எண்), எந்த எதிரொலி எத்தனை மைக்ரோவினாடியில் எவ்வளவு வலுவோடு வருகிறது என்ற படத்தையும் ஒவ்வொரு புள்ளியிலும் சேமிக்க வேண்டும். அறை வரவேற்பை வாக்களித்திருந்தால் கம்பத்தை இறக்கி, 1.5 மீட்டரிலும், கட்டடங்களுக்குள்ளும் அளக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புத் திட்டமிடல் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்