ஆசிலோஸ்கோப்பின் எர்த்தைத் துண்டிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளிலும், எஸ்.பி. ரோட்டை ஒட்டிய பழுதுபார்ப்புக் கடைகளிலும் யூ.பி.எஸ்., இன்வர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் சார்ஜர் ஆகியவற்றைச் சரிசெய்யும் வேலையில் தமிழ் இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுள் சிலர், மின்னழுத்தம் மாறும் விதத்தைத் திரையில் கோடாக வரைந்துகாட்டும் கருவியான ஆசிலோஸ்கோப்பின் பிளக்கில் எர்த் முனையைக் கழற்றிவிட்டு உயர் மின்னழுத்தத்தை அளப்பதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாததன்று. மின்னிணைப்பில் இயங்கும் சாதாரண ஆசிலோஸ்கோப்பில் புரோபின் (அளக்கும் கம்பியின்) எர்த் கிளிப்பும், கருவியின் உலோக உடலும், பிளக்கின் எர்த் முனையும் உள்ளுக்குள் ஒன்றாகவே இணைந்திருக்கின்றன. சார்ஜரிலோ, வீட்டு மின்சாரம் நேராக, ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் டையோடுகளின் தொகுப்பான பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குள் நுழைகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். ரெக்டிஃபையரின் மைனஸ் முனை ஒவ்வொரு சுழற்சியிலும் எர்த்தைவிட அவ்வளவு கீழே போய்வருகிறது. மைனஸ்தானே என்று நம்பி அங்கே கிளிப்பை மாட்டினால் டையோடு வழியாக ஷார்ட் ஏற்பட்டு, டையோடு வெடிக்கும், புரோபும் கருகும்.

எர்த்தைத் துண்டித்தால் இந்த ஷார்ட் நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் அதன் பிறகு ஆசிலோஸ்கோப்பின் உலோகப் பகுதிகள் அனைத்தும் கிளிப் மாட்டிய இடத்தின் மின்னழுத்தத்திலேயே நிற்கும். ஒரு கை புரோப் சாக்கெட்டின் விளிம்பிலும் மறு கை எர்த் ஆன இரும்பு மேசையிலும் பட்டால், மின்சாரம் மார்பின் குறுக்கே பாயும். மடிக்கணினியில் செருகும் யூ.எஸ்.பி. ஆசிலோஸ்கோப்புகளிலும் பெரும்பாலும் இதே நிலைதான்.

முறையான கருவி, இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஷியல் புரோப். அதன் இரு முனைகளில் எதுவும் எர்த்தோடு நேரே இணைவதில்லை. அதன் விலை சிறு பட்டறைக்குச் சுமைதான். வாங்க இயலாதவர்கள் ஒரே வகையான இரண்டு புரோப்களை 10 எக்ஸ் அல்லது 100 எக்ஸ் நிலையில் (மின்னழுத்தத்தைப் பத்தில் அல்லது நூறில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டும் நிலையில்) வைத்து, கிளிப்கள் இரண்டையும் மின்சுற்றில் எங்கும் மாட்டாமல், புரோப் முனைகளை மட்டும் அளக்க வேண்டிய இரு புள்ளிகளில் வைத்து, முதல் சேனலிலிருந்து (உள்ளீட்டிலிருந்து) இரண்டாவதைக் கழித்துப் பார்க்கலாம். நுண்ணிய சிக்னல்களுக்கு இது போதாது. சார்ஜர் பழுதைக் கண்டறியப் பெரும்பாலும் போதும். புரோப் தாங்கும் மின்னழுத்தம் அதிர்வெண் கூடக் கூடக் குறையும் என்பதையும் மறக்கலாகாது. மின்னிணைப்போடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்துவோர் அதைச் சோதிக்கும் சார்ஜருக்குக் கொடுக்க வேண்டுமேயன்றி ஆசிலோஸ்கோப்புக்கு அன்று. அப்போதும் இரு புள்ளிகளை ஒருசேரத் தொட்டால் எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எந்த ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது.

இந்நகரின் பொறியியல் கல்லூரிகளும் ஐ.டி.ஐ.களும் ஆய்வகத்துக்கு ஒரு டிஃபரன்ஷியல் புரோபையாவது வாங்கி வைக்க வேண்டும். கிளிப்பை மாட்டும் முன், மாட்டவிருக்கும் புள்ளிக்கும் எர்த்துக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை ஏ.சி., டி.சி. இரண்டிலும் மல்டிமீட்டரால் பார்க்கும் பழக்கத்தை முதல் வகுப்பிலேயே ஆசிரியர்கள் கற்றுத்தர வேண்டும். பட்டறை உரிமையாளர்கள், எர்த் முனை கழற்றப்பட்ட பிளக்குகளை இன்றே மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுத் துறை வாசகர் ஒருவர்,
பெங்களூரு