இருண்ட விளையாட்டிலும் ஈர நெஞ்சுக்கு இடமுண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தாலே காணொளி விளையாட்டுகளைப் பற்றிய பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. பிள்ளை எத்தனை மணி நேரம் திரையின் முன் இருக்கிறான், கண் என்னாகும், இவ்வளவு ரத்தம் எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். இவற்றில் எதுவும் தப்பான கேள்வி அல்ல. ஆனால் ‘எல்டன் ரிங்’ போன்ற இருண்ட மாயக்கதை விளையாட்டுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிள்ளையின் தோளுக்கு மேலே ஓரிரு நிமிடம் எட்டிப் பார்த்தவர்கள். அப்படிப் பார்த்தால் வெட்டும் குத்தும்தான் கண்ணில் படும். மனத்தை நெகிழ வைக்கும் இடங்களும் அதில் நிறைய உண்டு. ஆனால் அவை தாமாக வந்து மடியில் விழுவதில்லை. அவசரக்காரர் ஒருவர் விளையாட்டை முழுதாக முடித்துவிட்டு அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகலாம். அவை எங்கே இருக்கின்றன, எந்த இடத்தில் கோட்டை விடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய ‘எல்டன் ரிங்’ 2022 பிப்ரவரி 25ஆம் தேதி வெளிவந்தது. யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தோம், அடுத்து எங்கே போக வேண்டும் என்று குறித்து வைக்கும் பட்டியல் எதுவும் அதில் கிடையாது. அடுத்த மாதம் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, நாம் சந்தித்த பாத்திரங்களின் பெயர் வரைபடத்தில் தெரிகிறது. அவ்வளவுதான். ஆகவே பழக வேண்டிய முதல் வழக்கம் இது: யாரைச் சந்தித்தாலும் அவர் சொன்னதையே திரும்பச் சொல்லும்வரை பேச வேண்டும். பிறகு இளைப்பாறும் இடமாக அருகில் இருக்கும் ‘கிரேஸ்’ ஒளியில் உட்கார்ந்து எழுந்து மீண்டும் பேச வேண்டும். பாதிப் பேச்சில் பொத்தானைத் தட்டிவிட்டு ஓடுபவர்களுக்கு அடுத்த கட்டம் திறக்காது.

இரண்டாவது, கை தவறி அடிப்பது. நல்லவரை அடித்துவிட்டால் அவர் பகையாகிவிடுவார். லியூர்னியா என்ற பகுதியிலுள்ள ‘சர்ச் ஆஃப் வவ்ஸ்’ என்னும் பழைய தேவாலயத்தில் ‘செலஸ்டியல் டியூ’ என்ற பொருளைச் செலவழித்தால் பகை தீரும். செத்தவர் மட்டும் திரும்ப மாட்டார். அந்தத் தேவாலயத்தில் குருமார் தொப்பி அணிந்த மாபெரும் ஆமை ஒன்று இருக்கிறது, பெயர் மிரியல். எதிரெதிர் தரப்பினரின் மந்திரங்களை ஒரே இடத்தில் கற்றுத் தரும் அதன் பேச்சைக் கேட்கவே ஒருமுறை போகலாம்.

இந்த விளையாட்டில் இளகிய மனம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது போக். லிம்கிரேவ் பகுதியில், அகீல் ஏரிக்கு வடக்கே பாதையோரம் ஆளில்லாத இடத்தில் ஒரு குரல் உதவி கேட்கும். காதில் ஒலிகேட்பான் இல்லாமல், குதிரையில் முழு வேகத்தில் போனால் அது கேட்காது. அங்குள்ள ஒரு சின்னச் செடியை ஒரு தட்டுத் தட்டினால் போக் வெளிப்படுவான். ‘டெமி ஹ்யூமன்’ எனப்படும் குரங்குச் சாயல் கொண்ட இனத்தைச் சேர்ந்தவன், சொந்தக் கூட்டமே குகையிலிருந்து விரட்டியடித்தவன். மேற்குக் கடற்கரையிலுள்ள ‘கோஸ்டல் கேவ்’ குகை வாசலில் அடிபட்டுக் கிடக்கும் அவனை மறுபடி பார்க்கலாம். உள்ளே இரண்டு தலைவர்களும் ஒரு சிறு பட்டாளமும் காத்திருக்கும். இருவரையும் ஒரே நேரத்தில் சமாளிக்கப் பார்க்காமல் சிறுசுகளை முதலில் தீர்ப்பது நல்லது. வென்றால் தையல் கருவிகளும் ஒரு தையல் ஊசியும் கிடைக்கும். கருவிகள் நமக்கு. வெளியே வந்து ஊசியைப் போக்கின் கையில் கொடுக்க வேண்டும். பலர் குகையிலிருந்து நேராக வேறிடத்துக்குத் தாவிவிடுவதால் இந்தக் கட்டத்திலேயே கதை நின்றுபோகிறது.

ஊசி கையில் கிடைத்ததும் அவன் நமக்குத் தையற்காரனாகிவிடுவான். நாம் போகும் வழியில் சில கிரேஸ் ஒளிகளுக்கு அருகே உட்கார்ந்திருப்பான், முதலில் லியூர்னியாவின் விளிம்பிலுள்ள ‘லேக் ஃபேசிங் கிளிஃப்ஸ்’ பக்கம், பிறகு தலைநகர் மதிலருகே. மேலே சொன்ன ஆமையின் தேவாலயத்திலேயே தங்க ஊசி ஒன்றும் கிடைக்கும். அதையும் கொடுத்தால் பெரிய வீரர்களின் உடைகளையும் மாற்றித் தைப்பான்.

சிக்கல் தலைநகரில் வருகிறது. தான் அசிங்கமானவன், மனித உருவில் மறுபிறவி எடுக்க வேண்டும், அதற்கு ‘லார்வல் டியர்’ வேண்டும் என்று கேட்பான். நம் பையில் அது இருந்தால் கொடுக்கத்தான் தோன்றும், கேட்டதைக் கொடுப்பதுதானே அன்பு. ஆனால் கொடுத்தால் மறுபிறவி தரும் அரசி ரென்னாலாவிடம் போய் மனித உருவம் பெறுவான், அடுத்த முறை போய்ப் பார்க்கும்போது இறந்து கிடப்பான். அவனைக் காப்பாற்றும் வழி வேறு. கெல்மீர் மலையிலுள்ள ‘ஹெர்மிட் வில்லேஜ்’ என்ற இடத்தில் ‘பிராட்லிங் பேட்’ என்னும் பேசும் தலைப் பொம்மை ஒன்று கிடைக்கும். நீ அழகாக இருக்கிறாய் என்று ஒரே ஒரு வாக்கியம்தான் அதற்குத் தெரியும். போக்கின் பக்கத்தில் நின்று அதைப் பயன்படுத்திவிட்டு அவனிடம் பேசினால் தாயின் நினைவு வந்து மறுபிறவி எண்ணத்தையே விட்டுவிடுவான். அந்தப் பொம்மை கிடைக்கும் ஊரில் குடியிருப்பது அவனைத் துரத்திய அதே டெமி ஹ்யூமன் இனம் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. வசனமே இல்லாமல் இதைச் சொல்லிவிட்ட கதாசிரியர்களுக்கு ஒரு சபாஷ்.

அலெக்சாண்டரின் கதைக்குப் பொறுமை இன்னும் அதிகமாக வேண்டும். அவர் ஒரு ராட்சத மண்சாடி, கை கால் முளைத்த வீரர். ஸ்டார்ம்ஹில் பக்கம் தரையில் புதைந்துபோய்க் கூவிக்கொண்டிருப்பார். பின்பக்கம் நின்று பலமாக அடித்தால் சில அடிகளில் வெளியே வருவார். வந்ததும் அடிப்பதை நிறுத்துங்கள். பொத்தானை அமுக்கிய வேகத்தில் மேலும் இரண்டு போட்டுப் பகையாக்கிக்கொள்பவர்கள் உண்டு. அடுத்து ரெட்மேன் கோட்டையில், ராடான் என்ற மாவீரனுடன் மோத வீரர்கள் கூடும் திருவிழாவில் பார்க்கலாம். அந்தச் சண்டையில் அவரது அழைப்புக் குறி தரையில் இருக்கும், தொட்டால் உடன் வந்து மோதுவார். பிறகு லியூர்னியாவில் மறுபடியும் புதைந்திருப்பார்! இந்த முறை வெறும் அடி போதாது, எண்ணெய்ப் பானையை அவர்மேல் எறிந்து வழுக்கலாக்கிவிட்டு அடிக்க வேண்டும். பானை கைவசம் இல்லாமல் அரை மணி நேரம் வாளைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இங்கேதான் சலித்து விலகிவிடுகிறார்கள். அதன்பின் கெல்மீரில் எரிமலைக் குழம்பில் குளித்து உடம்பைக் கெட்டியாக்கிக்கொண்டிருப்பார். கடைசியில் ஃபாரும் அசூலா என்ற இடத்தில் நம்மிடமே ஒற்றைக்கு ஒற்றை சண்டை கேட்பார். மறுக்க வழியிருந்தால் தேவலை என்று தோன்றும். தோற்று உடைந்ததும் அவருடைய ஓட்டுத் துண்டு கிடைக்கும். ஆயுதத் திறன்களின் தாக்குதலை 15% கூட்டும் என்பதால் இணையத்தில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். கூடவே கிடைக்கும் ‘அலெக்சாண்டர்ஸ் இன்னர்ட்ஸ்’, அதாவது அவருடைய உள்ளுறுப்புகள், எதற்கு என்று கேட்பவர் குறைவு.

அதற்கான பதில் ஜார்பர்க்கில் இருக்கிறது. லியூர்னியாவின் கிழக்கே கேரியன் ஸ்டடி ஹாலுக்குக் கீழே, பாறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லறைக் கற்களில் ஒவ்வொன்றாகக் குதித்து இறங்கினால் ஒரு சின்ன ஊர். அங்கே வாழ்வதெல்லாம் சாடிகள். நாம் வம்புக்குப் போகாதவரை ஒன்றுகூட நம்மைத் தாக்காது. விளையாட்டு முழுவதும் கையை ஆயுதத்திலிருந்து எடுக்காதவருக்கு இந்த ஊர் முதலில் நம்பவே முடியாது. வீட்டுப் படியில் ஒரு குட்டிச் சாடி உட்கார்ந்திருக்கும். சாடிகளைப் பராமரிக்க மென்மையான கை வேண்டும், உன் கை சொரசொரப்பு என்று நம்மையே குறை சொல்லும். அந்த வேலைக்குப் பிற்பாடு வருபவர் டயலோஸ், வீரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டு எதிலும் தேறாமல் போனவர். ஊரைத் தாக்க வந்தவர்களிடமிருந்து சாடிகளைக் காக்கப் போராடி அங்கேயே உயிர் விடுகிறார். அதன்பிறகு அலெக்சாண்டரின் மிச்சத்தைக் குட்டிச் சாடியிடம் கொடுத்தால், அதைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு அதுவும் வீரனாகப் புறப்பட்டுவிடும். இந்தக் கட்டம் ஒரே மூச்சில் நடக்காது. பேசுவது, போய் வேறு வேலை பார்ப்பது, திரும்ப வருவது என்று பலமுறை ஆகும். ஊர்ச் சாடிகளைக் கொன்றவருக்கு இது கிடைக்காது.

ரொடெரிக்கா, ஹியூக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்டார்ம்ஹில் குடிசையில் அழுதுகொண்டிருக்கும் செம்முக்காட்டுப் பெண்ணிடம், ஸ்டார்ம்வேல் கோட்டையின் பிணக் குவியலருகே கிடைக்கும் நினைவுப் பொருளைக் கொடுங்கள். பிறகு வட்டமேசை மண்டபத்தில் அவளிடமும் கொல்லர் ஹியூக்கிடமும் மாறி மாறிப் பேசுங்கள். அவருடைய பட்டறைக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் ஒரு தொழில் அமையும். மண்டபமே தீப்பற்றி எரிகிற காலத்தில், நினைவு தப்பிய கிழவரை விட்டு அவள் நகரமாட்டாள்.

எல்லாம் இப்படி இனிப்பாக முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். அதே நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு விளையாட்டான ‘பிளட்போர்ன்’இல் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் சிறுமி ஒருத்தி, காணாமல்போன தாயைத் தேடச் சொல்லி ஓர் இசைப் பெட்டியைத் தருவாள். அதை அவளுடைய தந்தையுடன் சண்டையிடும்போது ஒலிக்கவிட்டால், வெறிபிடித்த அந்த மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு சில நொடி அசையாமல் நிற்பார். பாசத்தை இதைவிடக் குறைவான சொற்களில் காட்ட முடியாது. ஆனால் அந்தச் சிறுமியைப் பாதுகாப்பான தேவாலயத்துக்குப் போகச் சொன்னால் வழியிலேயே இறந்துவிடுகிறாள். இது சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல.

இனி ஆன்லைன் பக்கம். ‘எல்டன் ரிங்’கின் இயக்குநர் மியாசாக்கி, இந்த வகை விளையாட்டுகளில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுமுறைக்கான யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார். பனி மூடிய ஏற்றத்தில் கார்கள் வழுக்கி நின்றபோது, பின்னால் வந்த கார் முன்னால் நின்றதைத் தள்ளித் தள்ளி எல்லாரும் மேலேறினார்களாம். நின்று நன்றி சொன்னால் மறுபடி சிக்கிக்கொள்வோம் என்பதால் யாரும் நிற்கவில்லை. தரையில் விளையாட்டாளர்கள் எழுதிவைக்கும் குறிப்புகள் அதே வகை உதவிதான். நீங்கள் எழுதியதை யாரோ எங்கிருந்தோ மதிப்பிட்டால் அந்த நொடியில் உங்கள் உயிர்ப்பட்டை நிரம்பும். தோற்கப்போகும் சண்டை அப்படிப் பிழைத்ததும் உண்டு. மலேனியா என்ற மிகக் கடினமான எதிரியிடம் திணறியவர்களுக்கு 2022இல் ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வருவார், தலையில் ஒரு சாடி, கையில் இரண்டு வாள், உடம்பில் கவசமே இல்லை. நூற்றுக்கணக்கானோருக்காக அவர் தனியே சண்டையிட்டு வென்று கொடுத்தார். விளையாட்டை வெளியிட்ட பண்டாய் நாம்கோ நிறுவனமே அவருக்கு நிஜ வாள் ஒன்றை அனுப்பிப் பாராட்டியது.

அண்ணன் தம்பியோ நண்பர்களோ சேர்ந்து ஆட நினைத்தால் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆடுபவரும் பிளேஸ்டேஷனில் ஆடுபவரும் சேர முடியாது. பிளேஸ்டேஷன் 4ம் 5ம் சேரலாம், ஆனால் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். இருவரும் அமைப்புகளில் ஒரே கடவுச்சொல்லைப் போட வேண்டும். அழைப்பவர் ‘ஃபர்ல்காலிங் ஃபிங்கர் ரெமடி’யைப் பயன்படுத்தினால்தான் மற்றவரின் தங்கக் குறி தெரியும். இரண்டு ‘எர்ட்லீஃப்’ பூக்களிருந்தால் அதைச் செய்துவிடலாம். உதவிக்கு வருபவர் குதிரை ஏற முடியாது, ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரி செத்ததும் தம் உலகுக்குத் திரும்பிவிடுவார். கூட்டாக ஆடும்போது அந்நியர் உள்ளே புகுந்து தாக்கவும் வழி திறந்துவிடுகிறது என்பதைத் தம்பிக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள்.

பெற்றோருக்கு இரண்டு தகவல். நம் சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் ‘ஏடிவி16’, ‘எம்18’ என்று வயதுத் தரம் இடுகிறது. முதலாவது ஆலோசனை மட்டுமே. இரண்டாவதை 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் விற்கக்கூடாது. வாங்கும்முன் அட்டையைப் பாருங்கள். பதிவிறக்கம் செய்தால் கணக்கிலுள்ள பெற்றோர் கட்டுப்பாட்டை நீங்களே போட வேண்டும். தமிழில் வசன எழுத்து கிடையாது. சீனம், தாய், கொரிய மொழிகளில் உண்டு. ஆகவே கதை என்ன என்று பிள்ளையிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று, ‘எல்டன் ரிங்’கில் இடைநிறுத்தப் பொத்தான் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து வராதது எப்போதும் திமிர் அல்ல. சாதாரண நேரத்தில் பட்டியலில் போய் வெளியேறினால் நின்ற இடம் அப்படியே பதிவாகும். பாஸ் சண்டையின் நடுவே வெளியேறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திரையின் அடியில் நீளமான சிவப்புப் பட்டை தெரிந்தால் இரண்டு நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் அதற்குள் தோற்றுவிடுவான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்
செங்காங்