தலைமதகுத் தண்ணீர்

சேரன்மகாதேவி
மாசி 14

அன்பு மகள் கோமதிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருக்கிறது, தெருவெல்லாம் வைக்கோல். "இந்த மலச்சிக்கல் தீர வயிற்றில் துளை போட்டுக்கொள்ளட்டுமா அப்பா?" என்று நீ போனில் கேட்டு இன்றோடு பத்து நாள் ஆகிறது. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். நீ அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டிருப்பாயோ என்று அன்று முதல் உறுத்துகிறது. எனக்குக் கோபமும் இல்லை, மறுப்பும் இல்லை மக்களே. எழுதினால்தான் எனக்கு எதுவும் வரிசையாக வரும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது காலையில் கழிப்பறையில் முக்கால் மணி நேரம் இருப்பாய். பஸ் போய்விடும் என்று நான் வெளியே நின்று கதவைத் தட்டுவேன். "தண்ணீர் குடிக்கமாட்டாள், கீரை தின்னமாட்டாள், பிறகு எப்படிப் போகும்?" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் போட்டிருக்கிறேன். ஆச்சி விளக்கெண்ணெய் கொடுத்தாள். அதற்கும் கேட்காமல் போனதும் நிலாவரைக் கஷாயம். உலகத்து மருந்துப் புத்தகங்களில் 'திருநெல்வேலி சென்னா' என்று நம் ஊர்ப் பெயரோடு இருக்கும் இலை அது. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போகிற சரக்கு, நம் வீட்டில் பித்தளைச் செம்பில் கொதித்தது. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாய். குடித்த மறுநாள் சுருண்டு படுப்பாய். வருடக்கணக்காக இது நடந்தது. நோய் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிடிவாதம் என்றே நினைத்தேன்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தவர்கள், உள்சுவர் கறுத்துப்போயிருக்கிறது என்று சொன்னபோது, நாம் கொடுத்த கஷாயம்தான் இவள் குடலைக் கெடுத்துவிட்டது என்று எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நீ வெளியே போன பிறகு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். நிலாவரையை நெடுநாள் சாப்பிட்டால் அப்படிக் கறை ஏறும், நிறுத்தினால் மெல்ல மறையும், குடல் தூங்குவதற்கு அது காரணம் என்று சொல்ல முடியாது என்றார். கஷாயத்தின் பழி இறங்கியது. கதவைத் தட்டினேனே, அது இறங்கவில்லை. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தை மாதம் சென்னையில் உன்னோடு இருந்த அந்த ஐந்து நாட்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். குடல் எவ்வளவு நகர்த்துகிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க, சிறு வளையங்கள் அடைத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, பேதி மருந்து எதுவும் எடுக்காமல் நீ காத்திருந்த நாட்கள். நான்காம் நாள் உன் வயிறு உறுமிமேளம் போல இருந்தது. நாலு வாய் சோற்றோடு தட்டைத் தள்ளிவைத்தாய். இரவு மூன்றரைக்குக் குளியலறைக் கொக்கி விழும் சத்தம் கேட்கும், பிறகு நீ மொட்டை மாடியில் நடக்கும் சத்தம். ஐந்தாம் நாள் எடுத்த எக்ஸ்ரே படத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். விழுங்கியது 24 வளையம். மிச்சம் இருந்தது 19. ஐந்துக்குமேல் மிஞ்சினாலே குடல் மந்தம் என்று கணக்காம். அவை ஒரே இடத்தில் குவிந்திருக்கவும் இல்லை. வலப்பக்கம் கீழே சில, மேலே குறுக்காகச் சில, இடப்பக்கம் சில என்று கால்வாயில் அமலைச் செடி ஒதுங்கின மாதிரி சிதறிக் கிடந்தன.

படத்தில் அந்தச் சிதறலைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. முப்பத்தோரு வருடம் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் மதகு திறந்து தண்ணீர் பார்க்கும் லஸ்கராக இருந்தவனுக்கு அது விளங்காமல் எப்படி? கடைமடையில் மட்டும் அடைப்பு என்றால் குப்பை அங்கேயே குவியும். கால்வாய் நெடுகிலும் நிற்கிறது என்றால் ஓட்டமே இல்லை என்று பொருள். பலூன் வைத்துத் தள்ளச் சொன்ன பரிசோதனையில் நீ ஒரு நிமிடத்துக்குள் தள்ளிவிட்டாய். வெளிவாசல் தசைகள் நன்றாக இருக்கின்றன. ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடல்தான் அசையாமல் கிடக்கிறது. அதனால்தான் இசப்கோல் உமி கரைத்துக் குடித்தபோது உனக்கு இன்னும் உப்பியது. ஓடாத கால்வாயில் மேலும் சரக்கைக் கொட்டினால் வேறென்ன ஆகும்? பெருங்குடலைத் தூண்டிவிடும் புரூகாலோபிரைடு 2 மில்லிகிராம் மாத்திரையும் முதல் மாதம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினாரே, அந்தச் சீட்டை என் பழைய நீர்மட்ட நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். அவர் சொன்னதையெல்லாம் அதிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். 1990இல் இங்கிலாந்தில் மலோன் என்ற அறுவை மருத்துவர், முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைகள் போன்றவர்களுக்காகக் கண்ட வழி. ஒன்றுக்கும் உதவாது என்று நாம் நினைக்கும், பெருங்குடலின் தொடக்கத்தில் தொங்கும் குடல்வாலின் நுனியை வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தொப்புள் குழிக்குள்ளேயே அந்தச் சிறு வாயை மறைத்துவிடவும் முடியும். ஆறும் வரை சில வாரம் உள்ளே குழாய் இருக்கும். பிறகு தேவைப்படும்போது மட்டும் மெல்லிய குழாயை நுழைத்து, கழிப்பறையில் உட்கார்ந்தபடியே வெதுவெதுப்பான உப்புநீரை அரை லிட்டரோ ஒரு லிட்டரோ மெதுவாக இறக்க வேண்டும். பெருங்குடல் தொடங்கும் இடத்திலேயே தண்ணீர் விழுகிறது. அதாவது தலைமதகில் திறப்பது. ஆசனவாய் வழியாக விடும் தண்ணீர் பெரும்பாலும் இடப்பக்கத்தோடு நின்றுவிடும், கடைமடையிலிருந்து எதிரேற்றுவது போல. உன் 19 வளையங்களில் எத்தனை வலப்பக்கம் கிடந்தன என்று நினைத்துப் பார்.

இதைக் கேட்டதும், இதுதான் வழி, உடனே செய்துவிடலாம் என்று மனம் துள்ளியது. பிறகு என் கால்வாயே எனக்குப் புத்தி சொன்னது. கால்வாயில் தண்ணீரை நடத்துவது வாட்டம், அதாவது சரிவு. ஜூன் மாதம் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணையில் திறந்தால் போதும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அதுவே போய்விடும். குடலில் வாட்டம் கிடையாது, சுவர்தான் பிழிந்து தள்ள வேண்டும். சுவர் சோம்பிப் போயிருந்தால் விட்ட தண்ணீரும் நின்றுவிடக்கூடும், உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். வெறும் தண்ணீர் அப்படி அதிகம் உள்ளே போனால் ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கிவிடும் என்பதால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அவர் அழுத்திச் சொன்னார். குழந்தைகளுக்குக் கிடைக்கும் அளவு பலன், உன்னைப் போல மந்தக் குடல் உள்ள பெரியவர்களுக்குக் கிடைப்பதில்லை என்றும் அவரே ஒளிக்காமல் சொன்னார். சில வருடம் செய்துவிட்டுக் கைவிட்டவர்களும் இருக்கிறார்களாம். துளையின் வாய் சுருங்கிப்போய் மறுபடி விரிக்க வேண்டியிருக்கலாம், கசிவு வரலாம். இதெல்லாம் தெரிந்துதான் நீ முடிவெடுக்க வேண்டும்.

இன்னொரு வழியும் சொன்னார், குடலின் தொடக்கத்திலேயே ஊசித் துளை வழியாகப் பொத்தான் போன்ற ஒரு குழாயைப் பொருத்துவது. எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் எப்போதும் வயிற்றில் இருப்பது உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். என்றாலும், உன் குடலுக்கு மேல்மடைத் தண்ணீர் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ள அது ஒரு வாய்ப்பு என்று எனக்குப் படுகிறது. சர்ஜனிடம் இதை நீயே வாய்விட்டுக் கேள்.

பெருங்குடலையே எடுத்துவிட்டுச் சிறுகுடலை மலக்குடலோடு சேர்க்கும் பெரிய அறுவையைப் பற்றி நீ இப்போது பேசவே வேண்டாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வயிற்றுப்போக்கு, குடல் ஒட்டிக்கொள்வது என்று அதற்குத் தனித் தொல்லைகள் உண்டு. இரைப்பையும் சிறுகுடலும்கூட மந்தமாக இருந்தால் அந்த அறுவை செய்தும் வலியும் உப்பலும் தீராது. இரைப்பை எவ்வளவு நேரத்தில் காலியாகிறது என்று பார்க்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தாரே, லீவு இல்லை என்று நீ தள்ளிவைத்தது, அதை இந்த மாதமே முடித்துவிடு. இந்த ஒன்றில் மட்டும் அப்பா கெஞ்சவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

துளை போடுவதற்கு முன்னால், ஆசனவாய் வழியாகக் கீழிருந்து கழுவும் முறையை ஒழுங்காக மூன்று மாதம் செய்து பார். நீ நாலு தடவை செய்துவிட்டு விட்டுவிட்டாய். ஏன் விட்டாய் என்று நான் கேட்கவில்லை. நீ இருக்கும் வீட்டில் மூன்று பெண்களுக்கு ஒரு குளியலறை, காலை ஏழு மணிக்கு வெளியே ஒருத்தி கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் யாரால் முடியும்? தட்டுவது என்னவென்று உனக்குச் சிறுவயதிலேயே காட்டிவிட்டேன். கழிப்பறை தனியாக உள்ள ஒரு சிறு வீடு பார். முன்பணத்துக்கு என் பென்ஷனில் சேர்ந்தது இருக்கிறது. அம்மா அங்கே வந்து இரண்டு மாதம் இருப்பாள். மூன்று மாதத்தில் கேட்கவில்லை என்றால் துளைக்கு நான் முழு மனதோடு சம்மதம்.

அத்தை வந்திருந்தாள். விஷயத்தை வெளியே விடாதீர்கள், வரன் அமையாது என்றாள். அம்மா அவளுக்குப் பதிலே சொல்லாமல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். நீ இதை நினைத்து ஒரு நாள்கூட முடிவைத் தள்ளிப்போடாதே. தொப்புளில் இருக்கும் சிறு வாயைப் பார்த்து வேண்டாம் என்று போகிறவன் நம் வீட்டுப் படியேறாமலே போகட்டும். பிள்ளைப்பேறு பற்றி உனக்குள் பயம் இருக்கும். இந்தத் துளையோடு குழந்தை பெற்றவர்கள் உண்டு என்றார் டாக்டர். எங்கே துளை போட்டால் அதற்குத் தோது என்று அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்று முன்பு ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினாரே, அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டேன். 19 வளையமும் மனதில் இருக்கவில்லை, என் கண்ணால் எண்ணினேன்.

பின்கட்டில் கொத்தனார் வேலை நடக்கிறது. பழைய கழிப்பறையை இடித்து, உட்கார்ந்து போகும்படியான கோப்பை வைக்கிறோம். ஒரு மணி நேரம் குந்தியிருக்க முடியாதே. சுவரில் ஒரு சிறு அலமாரி, காற்றோட்டத்துக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், உள்ளே மட்டும் தாழ்ப்பாள். தண்ணீர்ப் பையை மாட்டக் கொக்கி அடிக்க வேண்டும். கீழிருந்து கழுவினாலும் மேலிருந்து கழுவினாலும் பை தொங்கத்தானே வேண்டும், அதனால் நான் முடிவு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. எந்த உயரத்தில் அடிக்கட்டும் என்று கொத்தனார் கேட்கிறார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, உட்காரும் பலகையிலிருந்து உன் தோள் வரைக்கும் யாரையாவது அளக்கச் சொல்லி, எத்தனை அங்குலம் என்று எழுது. சிமெண்ட் பூச்சு வெள்ளிக்கிழமை.

அப்பா