பொது முகவரிப் புத்தகத்தில் காணாமல் போனவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். மண்ணடி தம்பு செட்டித் தெருவில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தராக இருக்கிறேன். எங்கள் அலுவலக மின்னஞ்சலில் பொது முகவரிப் புத்தகம் ஒழுங்காகத் தெரியாமல் போனதில், ஒரு சின்னப் பையனின் சம்பளத்திலேயே கை வைத்துவிட்டார்கள். இந்தத் தெருவிலும் பக்கத்து லிங்கிச் செட்டித் தெருவிலும் எங்களைப் போன்ற சிறு அலுவலகங்கள் ஏராளம். அங்கேயும் இது நடந்துகொண்டிருக்கலாம். காரணம் தெரியாமல் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் பாதி வேலை, யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான். கப்பல் கம்பெனியில் டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்க அவர்கள் தரும் அனுமதிச் சீட்டு) போடுகிறவர் யார், மணலி சி.எஃப்.எஸ். என்கிற கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் இரவு ஷிஃப்ட்டுக்கு யார், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு யார், காட்டுப்பள்ளிக்கு யார், டிரெய்லர்காரர், சர்வேயர் என்று பட்டியல் நீளும். நான் சேர்ந்தபோது இதெல்லாம் ஒரு நீள நோட்டில் இருந்தது. ஓரத்தில் எழுத்து வாரியாகப் படிபோல வெட்டிய நோட்டு. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் எழுதி வந்தது. எஸ். முருகன் என்று ஒருவர் இருந்தால், 'மு' பக்கத்தில் 'முருகன், எஸ்.' என்று எழுதுவார். கண்ணை மூடிக்கொண்டு புரட்டினாலும் ஆள் கிடைத்துவிடுவார். பெரியவர் ஓய்வு பெற்ற பிறகு அதை நான்தான் கணினியில் ஏற்றினேன். வருஷா வருஷம் வளர்ந்து இன்றைக்கு 640 பெயர்.

சென்ற ஆண்டு எங்கள் முதலாளி மின்னஞ்சலைப் புது சர்வருக்கு மாற்றினார். மாற்றிக் கொடுத்தது ஒரு சேவை நிறுவனம். உலாவியில் திறக்கும் ரவுண்ட்கியூப் வெப்மெயிலைப் போட்டுக் கொடுத்தார்கள். அது இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 640 பெயரையும் எல்டேப் என்கிற பொது அடைவில் ஏற்றிவிட்டோம், தலைமை அலுவலகம், மணலி, எண்ணூர் என்று உங்கள் பதினான்கு பேருக்கும் ஒரே புத்தகம்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலாளியின் மேஜையில் திறந்து காட்டினார்கள். தெரிந்தது. பில்லைக் கொடுத்தாயிற்று.

பிறகு வந்தது அந்த வெள்ளிக்கிழமை. நாற்பதடிக் கன்டெய்னர் இரண்டு. கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பணம் கட்டிய ரசீதை இணைத்து, கப்பல் கம்பெனிக்கு டெலிவரி ஆர்டர் கேட்டு மெயில் அனுப்பினான். பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் கீழே ஒரு பெயர் வந்தது. அதை அழுத்தினான். அந்தப் பெயருக்குரியவர் அந்த வேலையை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகிறது, அவர் இடத்தில் புது ஆள் இருக்கிறார். போனவருடைய மெயில் பெட்டியை மூடாமல் வைத்திருந்ததால் மெயில் திரும்பியும் வரவில்லை. சனி, ஞாயிறு கழிந்தது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் கட்டணமில்லாத நாட்களான ஃப்ரீ டேஸ் முடிந்து, டிடென்ஷன் என்கிற தாமதக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. கன்டெய்னரை எடுப்பதற்குள் 31,400 ரூபாய்.

"புது ஆளோட பேருதான் பொதுப் புத்தகத்துல இருக்கே, ஏன் பாக்கல?" என்று முதலாளி கேட்டார். பையன் என்னிடம் வந்து, "சத்தியமா எனக்கு அந்தப் பேரு வரவே இல்லக்கா" என்றான். மாதம் இரண்டாயிரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் முதலாளி. புது ஆளின் பெயரை ஏற்றியதே நான்தான். என் மேஜையில் தேடினால் உடனே வருகிறது. அதனால் ஒரு நிமிஷம் நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு அவன் மேஜையில் போய் உட்கார்ந்தேன். அவனுடைய கணக்கில் இடப்பக்கம் பொதுப் புத்தகத்தின் பெயர் இருந்தது. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதே கணினியில் என் கணக்கைத் திறந்தேன், பெயர்கள் வந்தன. என் கணினியில் அவன் கணக்கைத் திறக்கச் சொன்னேன், மறுபடியும் வெறுமை. அப்படியென்றால் கோளாறு கணினியிலும் இல்லை, உலாவியிலும் இல்லை, ஆளோடு சேர்ந்து நகர்கிறது. அதற்கு முன் மணலியிலிருந்து மூன்று முறை புகார் போயிருந்திருக்கிறது. மூன்று முறையும் சேவை நிறுவனத்தார் "பிரவுசர் கேச்சை அழிச்சிட்டுப் பாருங்க" என்றே சொல்லியிருக்கிறார்கள். நான் கண்டதைச் சொன்னதும் அன்றே பார்த்துவிட்டு, அடைவைப் படிக்கும் உரிமை உள்ள குழுவில் தலைமை அலுவலகத்தின் பழைய ஆட்கள் ஆறு பேரை மட்டும் சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள். மணலி, எண்ணூர் ஆட்களும் இந்தப் பையனும், ஆக எட்டுப் பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி வந்திருந்தால் முதல் நாளே யாராவது கத்தியிருப்பார்கள். வெறும் பக்கம் வந்தால் 'இன்னும் ஏற்றவில்லை போல' என்றுதானே நினைப்போம்?

உரிமை கொடுத்தாயிற்று, முடிந்தது என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பக்கத்துக்கு 50 பெயர், பத்துப் பக்கம். சரியாக 500. கணக்கு எழுதுகிறவர்களுக்கு இப்படி மட்டமாக வந்து நிற்கும் எண்ணைக் கண்டால் நம்பிக்கை வராது. கேட்டபோதுதான் தெரிந்தது: எங்கள் பொது அடைவை வைத்திருக்கும் ஓப்பன்எல்டேப் சர்வர், வேறு எதுவும் சொல்லி வைக்காவிட்டால், ஒரு கேள்விக்கு 500 பதிவுக்கு மேல் திருப்பித் தராது. எங்கள் புத்தகத்தில் கடைசியாக ஏற்றிய 140 பேர் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டார்கள். காட்டுப்பள்ளி ஆட்கள் முக்கால்வாசியும் அதில்தான். டெலிவரி ஆர்டர் போடும் புது ஆளும் அதில்தான். பெயரை அடித்துத் தேடினால் அவர் வருவார், ஏனென்றால் தேடும்போது சர்வர் தர வேண்டியது ஒன்றிரண்டு பதிவுதான். பட்டியலைப் புரட்டினால் வரமாட்டார். எனக்குத் தேடும் பழக்கம். அதனால்தான் இத்தனை நாளாக என் கண்ணில் இது படவில்லை. வரம்பை உயர்த்துவது ஐந்து நிமிஷ வேலையாக முடிந்தது.

இதற்குப் பிறகும் அந்தப் பையனின் வெள்ளிக்கிழமைக்குப் பதில் கிடைக்கவில்லை. பெறுநர் கட்டத்தில் எழுத்தை அடித்தால் இப்போதும் பழைய ஆளே வந்தார். முகவரிப் புத்தகப் பக்கத்தில் தெரிவது வேறு, எழுதும்போது கீழே தானாக வரும் பெயர் வேறு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எந்தெந்தப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்து நீட்ட வேண்டும் என்பதற்கு ரவுண்ட்கியூபில் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. தொடக்கத்தில் அதில் அவரவர் சொந்தப் புத்தகம் மட்டும்தான் இருக்கும். பொது அடைவை அதில் நிர்வாகிதான் சேர்க்க வேண்டும். எங்களுக்கு யாரும் சேர்க்கவில்லை. பையனுக்குக் கொடுத்த கணக்கு, அவனுக்கு முன்னால் இருந்தவருடையது. அதன் சொந்தப் புத்தகத்தில் வேலையை விட்டுப் போன அந்த மனிதர் பத்திரமாக இருந்தார். பொதுப் புத்தகத்தை எத்தனை தரம் திருத்தினாலும் அவன் கைக்கு வந்திருக்கக்கூடியது அந்தப் பழைய முகவரி ஒன்றுதான். அவன் சொன்னது முழுக்க உண்மை.

இதை எழுதி, திரையைப் படமெடுத்து, அச்செடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தேன். அவர் நல்ல மனிதர், இரண்டு முறை படித்தார். பிடித்த ஒரு மாதத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். அவர் கவரில் போட்டுக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது எங்கள் அலுவலகத்தோடு முடிகிற விஷயம் அல்ல. பட்டியல் முழுதாக வந்த பிறகும் மணலி ஆட்கள் "ஒருத்தர் பேரும் கிடைக்கல" என்றார்கள். பார்த்தால், முருகனுக்கு அடுத்து அன்பழகன், அவருக்கு அடுத்து வேலு. வரிசையே இல்லாதது போல இருந்தது. வரிசை இருந்தது, ஆனால் அது முன்னெழுத்தின் வரிசை. எஸ் என்ற முன்னெழுத்துக்காரர்கள் மட்டும் மூன்று பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

எல்டேப் அடைவில் ஒரு மனிதரைப் பதிய முழுப் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயம். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவையே ஏற்காது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து இருக்கிறது, இப்போது சிலர் அம்மா பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். காலியாக விட முடியாததால் அந்த ஓர் எழுத்தைக் குடும்பப் பெயர் என்று போட்டுவிட்டார்கள். வெப்மெயிலோ தொடக்க அமைப்பின்படி குடும்பப் பெயரை வைத்துத்தான் வரிசைப்படுத்தும். ஆக 640 மனிதர்களும் அவரவர் அப்பாவின் முதல் எழுத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள்.

சேவை நிறுவனத்திலிருந்து வந்த இளைஞரிடம் பெரியவரின் நீள நோட்டை எடுத்துக் காட்டினேன். அலமாரியில் இன்னும் வைத்திருக்கிறேன். குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஆளின் சொந்தப் பெயரைப் போடுங்கள், முழுப் பெயர்க் கட்டத்தில் முன்னெழுத்தோடு எழுதுங்கள், திரையில் முழுப் பெயர் தெரியட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் செய்தார். ஒரு மணி நேரத்தில் முருகன் 'மு' வரிசைக்கு வந்துவிட்டார். முழுப் பெயருக்கென்று தனி இடம் இந்த மென்பொருள்களில் நெடுங்காலமாக இருக்கிறது. தொடர்பு அட்டைகளுக்கான வீகார்டு வடிவத்தின் 1998-ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே அது கட்டாயப் புலம். தமிழ்ப் பெயருக்கு இடமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் மென்பொருளை அமைத்துக் கொடுக்கும் நம் பிள்ளைகளே நம் பெயர் எப்படி என்று யோசிக்காமல் கட்டத்தை நிரப்பிவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே சேவை நிறுவனங்களை நடத்துகிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். வேலையை ஒப்படைக்கும்போது முதலாளியின் மேஜையில் திறந்து காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய கணக்கில் பொதுப் புத்தகம் திறக்கிறதா, எண்ணிக்கை நீங்கள் ஏற்றிய எண்ணிக்கைதானா, ஒரு மெயில் எழுத ஆரம்பித்தால் பொதுப் புத்தகத்துப் பெயர் தானாக வருகிறதா என்று அவர் கையாலேயே பார்க்கச் செய்யுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது. அலுவலகத்தில் இருக்கும் நாமும் அதைப் பார்க்காமல் பில்லில் கையெழுத்துப் போடக் கூடாது.

தமிழ் எழுத்தில் பதிந்திருந்த டிரெய்லர் ஓட்டுநர்கள், யார்டு மேற்பார்வையாளர்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்றும்போது அவர்கள் பெயரெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. தலைமேல் கோடு போட்ட ஆங்கில ஏயும், வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால் பயமில்லை. எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, தவறான முறையில் படிக்கப்படுகிறது, அவ்வளவுதான். கேள்விக்குறியாகவே பதிந்துவிட்டால் எழுத்து போனது போனதுதான். விரிதாளை, தமிழ் எழுத்தையும் காப்பாற்றும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்காமல் ஏற்றினால் இப்படி ஆகும். மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றித்தான் சரிசெய்ய முடியும்.

எங்களிடம் மூலக் கோப்பு இருந்ததால் பெரும்பாலான பெயர்கள் மீண்டுவிட்டன. அந்தக் கோப்புக்குப் பிறகு சேர்த்த பதினேழு பேர் மட்டும் கேள்விக்குறியாகவே நின்றுவிட்டார்கள். தொலைபேசி எண் இருக்கிறது, பெயர் இல்லை. தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று பேரை நானும் அந்தப் பையனும் கூப்பிட்டுப் பேசுகிறோம். தமிழில் பெயர் எழுதினால் முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று அரசு 2021-இல் ஆணையிட்டதால், "உங்க இன்ஷியல் 'எஸ்'னு போடட்டுமா, 'சு'னு போடட்டுமா?" என்று அவன் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்கிறான். நேற்று வரை ஒன்பது பேர் முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.