ஜூரி டியூட்டி முடிந்தது, பிள்ளைகள் நலம்: ஒரு நன்றி மடல்

எங்கள் குடியிருப்பு மக்களுக்கும், பூங்கா பெஞ்சு மாமா மாமிகளுக்கும், கிண்டர்கார்டன் அம்மாக்கள் வாட்ஸ்ஆப் குழுவுக்கும் வணக்கம்.

நான் ஜூரியாக, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லக் கூப்பிடப்படும் சாதாரணக் குடிமக்களில் ஒருத்தியாக, உட்கார்ந்த வழக்கு முடிந்துவிட்டது. முடிவைச் சொல்லிவிட்டோம், நீதிபதி கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளைகள் இருவரும் நலம். சின்னவன் கொஞ்சம் சதை போட்டிருக்கிறான், அது மாமியின் பருப்பு சாதம். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன் என்றுதான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று எல்லாரும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது என்ன கூத்து என்று புரியாமல் இருக்கலாம், அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வாக்காளர் பட்டியல், டிரைவிங் லைசென்ஸ் பட்டியல், வருமான வரி கட்டுவோர் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துக் குலுக்கித்தான் ஜூரி சம்மன் அனுப்புகிறார்கள். அதனால் கிரீன் கார்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒருமுறை வந்தது. குடிமகன் இல்லை என்று குறித்து அனுப்பினார், முடிந்தது. நான் குடியுரிமை வாங்கிவிட்டேன், எனக்கு அந்த வழி இல்லை. முதல் சம்மன் வந்தபோது சின்னவன் பால்குடி மாறாத குழந்தை. தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள் ஒரு வருடம் வரை தள்ளிப்போடலாம் என்று இங்கே சட்டமே இருக்கிறது, நேரில் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. ஜூரி அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்த அந்த அம்மாள், பின்னணியில் இவன் வீறிட்டு அழுவதைக் கேட்டு, "காது கேட்கிறது, வேறு சாட்சி வேண்டாம்" என்று சிரித்தார். அவருக்கும் என் நன்றியில் பங்கு உண்டு.

ஆனால் தள்ளிப்போட்டது திரும்பி வரத்தானே செய்யும். வந்தது. பெரியவள் கிண்டர்கார்டன், சின்னவன் இரண்டை எட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே இருக்கும் ஏற்பாட்டில் என்ன சங்கடம் என்றால், ஒரு வாரம் முழுக்க நம்மை அந்தரத்தில் தொங்கவிடுவார்கள். சம்மனில் ஒரு குழு எண் இருக்கும். தினமும் மாலை ஐந்து மணிக்கு மேல் இணையத்தில் பார்த்தால்தான் மறுநாள் நம் குழு போக வேண்டுமா இல்லையா என்று தெரியும். நாளைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இன்று சாயங்காலம் ஐந்தரைக்குக் கேட்டால் எந்தக் காப்பகம் சேர்த்துக்கொள்ளும்? நான் கேட்ட ஓர் இடத்தில் மாதக் கட்டணம் முழுவதையும் முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். தனியாக ஆள் வைத்தால் மணிக்கு 25 டாலருக்குக் குறைந்து யாரும் வருவதில்லை. நீதிமன்றம் கொடுப்பதோ ஒரு நாளைக்கு 15 டாலர், அதுவும் இரண்டாம் நாளிலிருந்து. போக்குவரத்துக்கு மைலுக்கு 34 சென்ட். இந்த 15 டாலர் 2000ஆம் ஆண்டிலிருந்து இதே 15 டாலர்தான். அன்றைக்கு ஒரு காலன் பால் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்கிறேன், விலக்குக் கேட்டிருக்கலாம். பிள்ளைக்கு நம் கவனிப்புத் தேவை, வேறு ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது என்றால் அது விலக்குக்குப் போதுமான காரணம் என்று இந்த மாநில நீதிமன்ற விதியிலேயே எழுதியிருக்கிறது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சான் ஹோசேயில் ஹெட்டிங் தெரு நீதிமன்றத்தில் எங்கள் குழுவை உள்ளே கூப்பிட்டு, கஷ்டம் இருப்பவர்கள் படிவத்தை எழுதிக் கொடுங்கள் என்று சொன்னபோது, நானும் படிவத்தை வாங்கிப் பாதி நிரப்பிவிட்டேன்.

இடைவேளையில் ஃபோனைத் திறந்தால் மாமியின் செய்தி. "இவன் சமர்த்தா இருக்கான். நீ கவலைப்படாம உன் ஜோலியப் பாரு." கூடவே ஒரு படம். சின்னவன் தரையில் உட்கார்ந்து முறத்தில் கருப்பு உளுந்தைக் கையால் அளைந்துகொண்டிருக்கிறான். முகத்தில் அப்படி ஒரு தீவிரம். சான் ஹோசேயில் முறம் வைத்திருக்கிற ஒரே வீடு அதுவாகத்தான் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதுக்குப் பிறகு உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாக உட்கார வைத்துவிட்டார்கள். ஒரே நாளில் திரும்பிவிடுவேன் என்று நினைத்தவர்களெல்லாம் அட்டவணை போட உட்கார்ந்தீர்கள்.

மாமா மாமியைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்தவர்கள். எனக்கு உறவில்லை, ஊரும் வேறு. பூங்காவில் பெரியவள் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது கைக்குட்டையை நனைத்துக் கட்டிவிட்டதுதான் அறிமுகம். காலை ஏழரைக்குச் சின்னவனை அவர்களிடம் விட்டால் மாலை ஐந்தரைக்கு வாங்குவேன். பள்ளியிலிருந்து பெரியவளை அழைத்துவர வேண்டுமே, அதற்கு மாமாவின் பெயரைப் பட்டியலில் சேர்க்கப் போனோம். புகைப்பட அடையாளம் வேண்டும் என்றார்கள். மாமாவிடம் இங்கத்திய லைசென்ஸ் ஏது? இந்தியப் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். பள்ளி அலுவலகத்தில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயரை எழுத இடம் போதாமல் கட்டத்துக்கு வெளியே எழுதினார். தினமும் அந்தப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மாமா பள்ளி வாசலில் நிற்பார். ஏதோ குடியேற்ற அதிகாரியைப் பார்க்கப் போவது போல. புதன்கிழமைகளில் பள்ளியைச் சீக்கிரமே விட்டுவிடுவார்கள் என்பதை என் வீட்டுக்காரர் மறந்தார், மாமா மறக்கவில்லை.

மாமாவுக்கு இன்னொரு விதத்திலும் நன்றி சொல்ல வேண்டும். ஜூரி என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பாகவதரையும் கலைவாணரையும் உள்ளே தள்ளினது ஜூரிதான், தெரியுமோ?" 1944 லட்சுமிகாந்தன் கொலை வழக்கை அவருடைய அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர். லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான ப்ரிவி கவுன்சில் வரை போய், 1947இல் இருவரும் வெளியே வந்த கதையைப் பெரியவளுக்குத் தூங்கும் நேரக் கதையாகச் சொல்லியிருக்கிறார். அவள் என்னிடம் வந்து, "அம்மா, நீயும் பாட்டுக்காரரை ஜெயில்ல போடுவியா?" என்று கேட்டாள். மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கும் வந்தது. பம்பாயில் 1959இல் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்று சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். பிறகு 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு நம் ஊரில் குற்ற வழக்குகளில் ஜூரி முறையே போயிற்று. அங்கே எட்டுக்கு ஒன்று என்றாலும் ஒரு முடிவு. இங்கே குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும், ஒருவர் இழுத்தால் நின்றுவிடும். இதை மாமாவிடம் சொன்னபோது, "அப்போ நீ வீட்டுக்கு வர்றதுக்கு மாசக்கணக்காகும்" என்றார்.

ஆகவில்லை. ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியது.

இதில் எனக்கு உறுத்திய ஒன்று, உங்கள் யாருக்கும் நான் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வழக்கு முடியும்வரை கட்டிய கணவனிடம்கூடப் பேசக் கூடாது, இணையத்தில் தேடக் கூடாது என்று நீதிபதி ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் சொல்லி அனுப்புவார். உங்களுக்கோ ஆவல் தாங்கவில்லை. "கொலையா? அதை மட்டும் சொல்லு, தலையை ஆட்டினா போதும்" என்று கேட்ட தோழியே, நான் தலையை ஆட்டாததற்காக நீங்கள் அனுப்பிய புளியோதரையை நிறுத்தாமல் இருந்தீர்களே, அதற்கு நன்றி. கதை கேட்காமல் சோறு போடுவது நம் மக்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இப்போது பேசத் தடையில்லை. ஆனாலும் அதில் மாட்டிக்கொண்டவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள், அதனால் விட்டுவிடுவோம்.

இரண்டாவது வாரத்தில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று காலை 102 டிகிரி. ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை நடுவில் நிற்கிறது, நான் போகாவிட்டால் மாற்று ஜூரி ஒருவரை என் இடத்தில் உட்கார வைப்பார்கள். அதில் ஒன்றும் குடி முழுகிவிடாது, அதற்காகத்தான் அவர்களும் முதல் நாளிலிருந்து கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் விடுப்பு எடுத்தார். (அவருக்குத் தனியாக நன்றி கிடையாது, அவர் பெற்ற பிள்ளைதானே.) போனதும் நீதிமன்றக் காவலரான பெய்லிஃபிடம் சொன்னேன். அவர் போய் நீதிபதியிடம் சொல்ல, நீதிபதி என்னைக் கூப்பிட்டு, கவனம் சிதறாமல் உட்கார முடியுமா என்று கேட்டார். வீட்டில் ஆள் இருக்கிறார்கள், முடியும் என்றேன். அன்றைக்கு ஒரு இடைவேளை கூடுதலாகக் கிடைத்தது. அது எனக்காகத்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த இடைவேளைகளில் எனக்கு வந்த படங்களை இன்னும் அழிக்கவில்லை. மாமி ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரி நாள்காட்டியின் கிழித்த தாள், அதன் பின்பக்கம் பென்சிலில் நேரம் வாரியாகக் காய்ச்சல், டைலினால் கொடுத்தது, கஞ்சி குடித்தது, ஒன்றுக்குப் போனது, எல்லாம். கடைசி வரியில் "சிரித்தான்" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எங்கள் ஜூரி அறையில் அன்று காட்டிய ஆவணங்களைவிட அது ஒழுங்காக இருந்தது.

ஜூரி அறை என்றதும் ஞாபகம் வருகிறது, அங்கிருந்த மற்ற பதினொரு பேருக்கும் நன்றி. நாங்கள் ஒருவரையொருவர் எண்ணால்தான் கூப்பிட்டுக்கொண்டோம். ஏழாம் எண் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நான்கரைக்கு மேல் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாமா என்று ஒருவர் கேட்டபோது, "இங்கே பிள்ளையைக் கூப்பிடப் போக வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், நாளைக்குப் பேசலாம்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னவர். சிவிக் சென்டர் நிறுத்தத்தில் லைட் ரயில் எப்போது வரும் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

எதிர் வீட்டு வியட்நாமியப் பாட்டிக்கு நன்றி. மாமிக்குப் பல் வலி வந்த நாளில், கேட்காமலே வந்து சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை, ஆரஞ்சுச் சுளை மட்டும் இருந்தது. கிண்டர்கார்டன் டீச்சருக்கு நன்றி. "அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்காங்க" என்று பெரியவள் வகுப்பில் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல், ஜூரி என்றால் என்ன என்று வகுப்புக்கே விளக்கினாராம்.

கடைசியாக, ஏன் இவ்வளவு பாடுபட்டாய், விலக்கு வாங்கியிருக்கலாமே என்று கேட்ட இரண்டு பேருக்குப் பதில். எங்கள் குழுவில் விலக்குக் கேட்டு எழுந்தவர்களைப் பார்த்தேன். கைக்குழந்தைக்காரிகள், மணிக்கூலி வேலைக்காரர்கள், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்பவர்கள். எல்லாருக்கும் நியாயமான காரணம். அவர்கள் போன பிறகு மீதியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்களும், சம்பளத்தைப் பிடிக்காத பெரிய கம்பெனிக்காரர்களும்தான். இந்த நாட்டில், ஃபுளோரிடாவில் கணவனைக் கொன்றதாக ஹாய்ட் என்ற பெண்ணை ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி தண்டித்ததில் தவறில்லை என்று 1961இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் மையம், அவளாகப் பெயர் கொடுத்தாலொழிய ஜூரிக்குக் கூப்பிட வேண்டாம் என்று அந்த மாநிலம் வைத்திருந்த விதி நியாயம்தானாம். கேட்க மரியாதையாகத்தான் இருக்கிறது. 1975இல் லூசியானா வழக்கு ஒன்றில்தான் அந்தப் போக்கு மாறியது. இப்போது கதவு திறந்திருக்கிறது, ஆனால் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு உள்ளே போவது என்பதற்குப் பதில் இல்லை. மினசோட்டாவில் ஜூரிகளுக்குப் பிள்ளைக் காப்பகச் செலவைத் திருப்பித் தருகிறார்கள். பக்கத்திலேயே சான் ஃபிரான்சிஸ்கோவில், வருமானம் குறைந்த ஜூரிகளுக்குக் குற்ற வழக்குகளில் நாளுக்கு 100 டாலர் கொடுக்கும் திட்டத்தை 2022இல் தொடங்கினார்கள். நம் கவுண்டியிலும், அதாவது நம் மாவட்டத்திலும், கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன், கையெழுத்துக்கு வருவேன். மாமி எல்லாருக்கும் கிடைக்கமாட்டார்.

இரண்டு விஷயம் பாக்கி. என் வீட்டு மேடையில் உங்கள் டப்பாக்கள் குவிந்து கிடக்கின்றன. மூடியில் பெயர் வெட்டிய எவர்சில்வர் மூன்று, நீல மூடி பிளாஸ்டிக் நிறைய, ஒரு சின்னத் தூக்கு. சனிக்கிழமை காலை வந்து அடையாளம் சொல்லி எடுத்துப் போங்கள். வெறும் டப்பாவாகத் திருப்பித் தரமாட்டேன்.

அப்புறம், ஒருமுறை ஜூரியில் இருந்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடி கூப்பிட மாட்டார்கள். அதுவரை எனக்குச் சம்மன் வராது, ஆனால் உங்களில் யாருக்காவது வரும். வந்தால் ஐந்தரை மணிக்குப் பதறிக்கொண்டு காப்பகம் தேடாதீர்கள். பிள்ளைகளை என்னிடம் கொண்டுவந்து விடுங்கள். ஏழு மணிக்கே எழுந்திருப்பேன்.