தரங்கம்பாடி சபையில் விடுபட்ட பெயர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தரங்கம்பாடி பற்றிய உங்கள் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். டேனிஷ் கோட்டை, அச்சுக்கூடம், 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் என்று வழக்கமானவை எல்லாம் இருந்தன. புதிய எருசலேம் ஆலயத்தின் படமும் அருமை. அந்த ஆலயத்தில் உட்கார்ந்து ஜெபித்த மக்களைத்தான் காணோம்.

டேனியர்களுக்கு 1701 முதலே அங்கே சீயோன் ஆலயம் இருந்தது. தமிழ்ச் சபை 1707இல் பிறந்தது. முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்த ஐந்து பேர். அவர்கள் பெயரை எந்த வழிகாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. அதே ஆண்டு எழும்பிய முதல் ஆலயம் நிலைக்கவில்லை. இப்போதுள்ளது 1718 அக்டோபரில் பிரதிஷ்டையானது. அடுத்த பிப்ரவரியில் சீகன்பால்கு காலமானார். வயது 36. கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது.

பெரும்பாலான கட்டுரைகள் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் சபை அதற்குப் பிறகும் வளர்ந்ததே, யாரால்? குருப்பட்டம் இல்லாமலே ஊர் ஊராக நடந்து வேதம் போதித்த உபதேசியார்களால். அவர்களில் ஒருவரான கடலூர் ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவிலேயே, புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான லுத்தரன் சபையில் குருவான முதல் தமிழர் அவர். 1745இல் இறக்கும் வரை ஊழியம் செய்தார்.

இராஜநாயக்கன் கதை வேறு. தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். அச்சான தமிழ் வேதத்தைப் படித்துச் சபைக்கு வந்து, தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு உபதேசியாராக உழைத்தவர். உழைப்பில் யாருக்கும் குறைந்தவரல்லர். பறையர் என்பதால் அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை (வழிபாட்டில் குரு தரும் அப்பமும் இரசமும்) வாங்கத் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள். குருப்பட்டம் கிடைக்கவே இல்லை. ஆலயத்துக்குள்ளும் சாதிவாரியாகத் தள்ளித் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். அக்காலத்து மிஷன் கடிதங்களிலேயே இருக்கும் சங்கதிதான் இது. நாம்தான் விழா மலர்களில் நாசூக்காக விட்டுவிடுகிறோம்.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919இல் தனித் திருச்சபையானது. அதன் பேராயர் திருச்சியில் இருந்தாலும் இன்றும் 'தரங்கைப் பேராயர்' என்றே அழைக்கப்படுகிறார். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் சீகன்பால்கு மட்டுமா இருக்கிறார்? அடுத்த முறை தரங்கம்பாடி பற்றி எழுதும்போது, ஆரோனுக்கும் இராஜநாயக்கனுக்கும் ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொறையாறு.